பழைய பியட்டின் அசல் நிறம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் இருக்கிறேன். புனலூரில் ஒரு குடும்பத்திடமிருந்து 1968ஆம் ஆண்டு பியட் 1100 டிலைட் கார் வாங்கியிருக்கிறேன். இப்போது வெள்ளை அடித்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 'கிரே' என்று இருக்கிறது. விற்றவரோ, "அப்பா வாங்கியபோது இளம்பச்சை" என்கிறார். நிற எண் எழுதிய தகடு எதுவும் வண்டியில் கிடைக்கவில்லை. பெயின்டர், கடையில் இருக்கும் ஷேடு கார்டில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார். கெட்டியாக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட்தான் நிற்கும் என்கிறார். அடுத்த மாதம் டிங்கரிங் தொடங்குகிறது. முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கப் போகிறோம். அசல் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் டிங்கரிங்கைத் தள்ளிப்போடுங்கள். பழைய பெயின்ட்டை எல்லாம் சுரண்டித் தகரத்தைப் பளபளவென்று ஆக்கிய பிறகு நிறத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள்தான் அதிகம். அப்போது கையில் மிஞ்சுவது விற்றவரின் ஞாபகம் மட்டும். ஞாபகத்திலிருந்து நிறம் கலக்க முடியாது.

ஆர்.சி.யும் விற்றவரும் முரண்படுகிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆர்.சி.யில் இருப்பது பதிவு செய்தபோது ஒருவர் போட்ட பொதுப்பெயர். சாம்பல் ஓடிய வெளிர்பச்சையை அலுவலகத்தில் 'கிரே' என்று எழுதியிருப்பார்கள். வீட்டில் அது 'பச்சைக் கார்' ஆகியிருக்கும். இரண்டு பேரும் சொன்னது ஒரே நிறமாக இருக்க வாய்ப்புண்டு. ஆர்.சி.யின் பின்பக்கங்களில் நிறம் மாற்றியதற்கான குறிப்பும் முத்திரையும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் 'கிரே' என்பதே பிற்காலத்து நிறமாக இருக்கலாம்.

இனி வண்டியிடமே கேட்க வேண்டியதுதான். வெயிலும் மழையும் பெயின்டரின் துப்பாக்கியும் எட்டாத இடங்கள் எந்தக் காரிலும் சில இருக்கும். பின் விளக்குகளைக் கழற்றி, அடியில் ஒட்டிக்கிடக்கும் ரப்பரை மெல்ல உரித்துப் பாருங்கள். கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றுங்கள். டிக்கி விரிப்பின் அடி, நம்பர் பிளேட்டின் பின்புறம், கதவு ரப்பர் பீடிங் கவ்வியிருக்கும் விளிம்பு, பக்கவாட்டில் குரோம் பட்டை இருந்தால் அதன் அடி ஆகியவையும் நல்ல இடங்கள். பானட்டின் உட்புறத்தை நம்பாதீர்கள். என்ஜின் சூட்டில் நிறம் மாறியிருக்கும். கதவுக்குள்ளும் ஓர் எச்சரிக்கை உண்டு. அங்கே கம்பெனியிலேயே மெல்லிசாகத்தான் அடித்திருப்பார்கள். அடியில் உள்ள பிரைமர் ஊடே தெரிந்து நிறத்தைக் கெடுக்கும். முழுக் கனத்தில் பெயின்ட் நிற்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். கூரையைத் தனியாகச் சோதியுங்கள். அந்தக் காலத்தில் இரட்டை நிறக் கார்கள் ஓடின.

ஒளிந்த இடம் எதிலும் கிடைக்காவிட்டால், வெளிப்புறத்திலேயே ஒரு சாளரம் திறக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில், 800 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் தகரம் எட்டிப்பார்த்ததும் 1200, பிறகு 2000 என்று மாற்றி ஓரங்களைச் சரிவாக்குங்கள். மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்களைப் போல, ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக விரியும்: வெளியே இன்றைய வெள்ளை, அடுத்து அதற்கு அடியில் பரப்பைச் சமப்படுத்த அடித்த சர்ஃபேசர், நடுவே எப்போதோ வைத்த பட்டி, இன்னொரு நிறம், கடைசியில் பிரைமர். தகரத்தை ஒட்டிய பிரைமரின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும் நிறமே உங்களுக்கு வேண்டியது.

உங்கள் வண்டியில் ஏமாற இடமிருப்பது இங்கேதான். 'கிரே' என்று படித்துவிட்ட கண்ணுக்குச் சாம்பல் நிற சர்ஃபேசரும் பெயின்ட்டாகவே தெரியும். அந்த வளையத்தில் கொஞ்சம் ரப்பிங் கம்பவுண்ட் வைத்துத் துணியால் அழுத்தித் தேயுங்கள். பெயின்ட் என்றால் பளபளப்பு ஏறும். பிரைமரும் சர்ஃபேசரும் எவ்வளவு தேய்த்தாலும் பெரும்பாலும் மங்கலாகவே நிற்கும். ஒரே இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மட்கார்டை எப்போதாவது மாற்றியிருந்தால் அதில் அசல் பூச்சே இருக்காது. கூரை, கதவு, பின்பக்கம் என மூன்று இடங்களாவது ஒத்துப்போக வேண்டும். பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுத்தது பருத்தித்துணிச் சோதனை. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை அந்த நிறத்தின்மேல் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் தாராளமாகத் துணியில் இறங்கினால் அது நைட்ரோசெல்லுலோஸ், நம் ஊரில் டூகோ என்று சொல்வது. சுருங்கினால் எனாமலாக இருக்கலாம். அசையாமல் நின்றால் சூளையில் சுட்ட எனாமலாகவோ பிற்காலத்து 2கே பூச்சாகவோ இருக்கும். எனாமல் இருட்டில் கிடந்தால் மஞ்சளடிக்கும். எனவே ரப்பருக்கு அடியில் கிடைத்த எனாமலை, ரப்பரை எடுத்த கையோடு அளக்காமல் சில நாள் பகல் வெளிச்சம் படவிட்டு அளப்பது நல்லது. ஒளித்து வைத்த நிறம் அப்படியே புதிதாக இருக்கும் என்று பலர் நம்புவது பாதிதான் சரி.

பெரிய கார் பெயின்ட் கடைகளில் நிறம் அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்று பெயர். அதற்குத் தட்டையான, பாலிஷ் ஏறிய, சுத்தமான சிறு பரப்பு போதும். ஓர் இடத்தில் மூன்று நான்கு முறை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கருவி தன் பட்டியலில் உள்ள ஃபார்முலாக்களில் மிக நெருங்கியதைக் காட்டும். அது நேற்று வந்த ஏதோ ஒரு காரின் நிறமாகவும் இருக்கலாம். கூடவே வித்தியாசத்தை 'டெல்டா ஈ' என்ற எண்ணாகத் தரும். அது 1க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கண்ணுக்குப் பிடிபடாது. கருவி தருவதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கலர் கலக்குகிறவரிடம் விடுங்கள். உங்கள் காலத்துக் கார்களில் பெரும்பாலும் மெட்டாலிக் கிடையாது என்பது வசதி. சாய்த்துப் பார்த்தால் ஒன்று, நேராகப் பார்த்தால் ஒன்று என்ற தலைவலி இல்லை.

ஒப்பிடும்போது டின்னுக்குள் பார்க்காதீர்கள். ஈரத்தில் இருக்கும் பெயின்ட் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி கருக்கும். வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரைப் பூசிய தகரத் துண்டில், அதே துப்பாக்கியால் அடித்து, காயவிட்டு, பாலிஷ் போட்டு, அசல் பூச்சின்மேல் இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்துப் பாருங்கள். தகரத்தில் முன்னரே ஒரு கருப்பு வெள்ளைப் பட்டை ஒட்டிவைத்தால், எத்தனை கோட்டில் அடி மறைகிறது என்பதும் தெரிந்துவிடும். வெளிர் நிறங்களில் இது முக்கியம்.

வெளிச்சம் பாதி வேலை. டியூப்லைட்டில் ஒத்துப்போன இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்து நிற்கும்; பழைய நிறமிகளும் இன்றைய நிறமிகளும் வேறு வேறு என்பதால் பழைய கார்களில் இது அடிக்கடி நடக்கும். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டுக்குள், நேர்வெயில் படாத திறந்தவெளியில் பாருங்கள். புளியரையில் வயலோரத்திலோ தோப்பு நிழலிலோ வைத்துப் பார்த்தால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். உங்கள் வழக்கே பச்சையா சாம்பலா என்பதுதானே! வெள்ளைச் சுவரோரம் நில்லுங்கள், சட்டையும் வெள்ளையாக இருக்கட்டும். ஐந்து விநாடிக்கு மேல் முறைக்க வேண்டாம். கண் சோர்ந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிடும்.

இனி 2கே விவகாரம். உங்கள் பெயின்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அது உழைக்கும். ஆனால் நிறத்தின்மேல் நிறமில்லாத கிளியர் கோட்டைத் தனியாக அடித்தால் நிறம் ஆழமாகி, கண்ணாடி போட்டது போல் மின்னும். 1968ஆம் ஆண்டு வண்டிக்கு அந்த மினுக்கு ஒட்டாது. கிளியர் இல்லாத ஒற்றை அடுக்கு 2கே கேளுங்கள். அடித்த பிறகு தேய்த்துப் பாலிஷ் போட்டால் பழைய தோற்றத்துக்கு அருகில் வரும். என் ஓட்டு இதற்குத்தான். பழைய டூகோவின் மேல் நேரடியாக 2கே அடித்தால் அடிப்பூச்சு கிளம்பிவிடக்கூடும். எனவே பழையதை முழுக்க நீக்க வேண்டும். 2கே ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கும் ஷெட்டாக இருந்தால், வேறு ஷெட் பாருங்கள்.

டூகோதான் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால் சாரல் காலத்தில் மட்டும் தொடாதீர்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். நிறத்தின்மேல் பால் திரை விழும். மெதுவாக உலரும் தின்னர் ஓரளவு உதவும். மாசி, பங்குனி வரை காத்திருப்பதே மேல். வடகிழக்குப் பருவமழையும் உங்கள் பக்கம் வந்து போகிறதே.

கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி இங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். 50 ஆண்டு கடந்த வண்டி என்பதால் 2021இல் வந்த விண்டேஜ் பதிவுக்கும் முயலலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. எதுவானாலும், ஆய்வாளர் வண்டியின் நிறத்தையும் புத்தகத்தையும் ஒத்துப் பார்ப்பார். சாளரத்தில் தெளிவான பச்சை தெரிந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். சாம்பல் ஓடிய பச்சை என்றால் 'கிரே' என்ற பதிவே போதுமா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். தகரத் துண்டை உடன் எடுத்துச் செல்லுங்கள்.