எலி மூளையும் வயிற்று ஸ்கேனும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்கேன் அலையால் எலிக் கருவின் மூளை பாதிக்கப்பட்டது என்று படித்தேன். மகளின் ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவிர்த்துவிடலாமா?

தவிர்க்காதீர்கள். நீங்கள் படித்தது, யேல் பல்கலைக்கழகத்தில் பாஸ்கோ ராகிச் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். மூளையின் ஆழத்தில் பிறக்கும் நரம்பணுக்கள் மேலே நகர்ந்து, தத்தம் அடுக்கில் போய் அமர வேண்டும். சினைச் சுண்டெலிகளுக்கு அந்தக் கட்டத்தில் அல்ட்ராசவுண்ட் கொடுத்தார்கள். மொத்தம் 30 நிமிடமோ அதற்கு மேலோ அலை பட்ட குட்டிகளில், அணுக்களில் ஒரு சிறு பங்கு தப்பான இடத்தில் நின்றுவிட்டது. சில எலிகளுக்கு 420 நிமிடம் வரை கொடுத்தார்கள்.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு. ஆனால் எலிக் கருவின் தலை மிகச் சிறியது, மூளை முழுவதும் அலைக்குள் அகப்பட்டுவிடும். ஸ்கேன் கருவியும் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டிருந்தது. மருத்துவரின் கையோ நகர்ந்துகொண்டே இருக்கும். தவிர, எலிக்குச் சில நாட்களில் முடிகிற அந்த நகர்வு மனிதருக்கு மாதக்கணக்கில் நடக்கிறது. மருத்துவத் தேவைக்கான ஸ்கேனை நிறுத்துங்கள் என்று ராகிச்சும் சொல்லவில்லை.

கேள்வி: ஸ்கேன் செய்தால் குழந்தைக்குச் சூடு ஏறுமா?

ஏறலாம். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எலும்பு அலையை அதிகம் உறிஞ்சும். அதனால் கினிப்பன்றிக் கருக்களில் மண்டை ஓட்டை ஒட்டிய மூளைப் பகுதி கூடுதலாகச் சூடானது. கருவின் வெப்பம் இயல்பைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடி 5 நிமிடம் நீடித்தால் ஆபத்து என்றும், 1.5 டிகிரிக்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்றும் உலக அல்ட்ராசவுண்ட் கூட்டமைப்பு வரையறுத்தது. திரையின் ஓரத்தில் ‘டிஐ’ என்று ஓர் எண் தெரியும். சூடு எவ்வளவு ஏறக்கூடும் என்பதற்கான மதிப்பீடு அது.

கேள்வி: எலியின் நுரையீரலில் ரத்தம் கசிந்ததாமே?

பிறந்து மூச்சுவிடும் எலிகளில் அப்படி நடந்தது, காற்று இருக்கும் இடத்தில்தான் அந்தச் சேதம் வருகிறது. கருவின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான்.

கேள்வி: இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் பாதுகாப்பானதா? ஞாபகத்துக்காக வீடியோ எடுத்துக்கொள்ளலாமா?

சரி, இங்கேதான் கண்டிப்பாக இருப்பேன். கோழிக் கரு ஆய்வொன்றில் சாதாரணப் படம் எடுக்கும் ஸ்கேனால் நினைவுத்திறன் குறையவில்லை. அலையை விட்டுவிட்டு அனுப்பும் ‘பல்ஸ்டு’ வகை டாப்ளரைச் சில நிமிடம் கொடுத்தபோது குறைந்தது. டாப்ளர் ஒரே இடத்தில் அதிக ஆற்றலைச் செலுத்துவதே காரணமாக இருக்கலாம். கோழி முட்டை கர்ப்பப்பை ஆகாது, உண்மைதான். ஆனாலும் 11 முதல் 14 வாரத்துக்குள் டாப்ளர் தேவைப்பட்டால் டிஐ 1-ஐத் தாண்டக் கூடாது, நேரம் பொதுவாக 5 முதல் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று மகப்பேறு அல்ட்ராசவுண்ட் நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் வழிகாட்டுகிறது. வெறும் ஞாபகத்துக்காக வீடியோ எடுப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஊக்குவிப்பதில்லை, நானும் வேண்டாம் என்றே சொல்வேன். மருத்துவர் செய்யும் ஸ்கேனிலேயே ஒரு படம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.