சாபம் இருக்கட்டும், 1987-ல் என்ன நடந்தது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அப்பா பல வருஷம் சபைச் செயலராக இருந்தவர், இப்போது பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அண்ணன் வளைகுடாவில் வேலை செய்த இடத்தில் கீழே விழுந்து, முதுகெலும்பு அடிபட்டு ஊருக்கு வந்துவிட்டான். எனக்கு இரண்டு தடவை கரு நின்றும் ஏழாம் மாதத்தில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஜெபித்த ஓர் ஊழியக்காரர், இது தலைமுறை சாபம், முன்னோர் செய்த பாவத்தின் பலன், 21 நாள் உபவாசமிருந்து முறிக்க வேண்டும் என்கிறார். நாங்கள் யாருக்கும் கெடுதல் செய்தவர்கள் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு முதல் வாழைக்குலை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். 1987-ல் அத்தை சொத்தில் தன் பங்கை விட்டு எழுதிக் கொடுத்தார். அதற்காக இன்றுவரை கிறிஸ்துமஸ் தவறாமல் அவருக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறோம். ஒரு மனக்கசப்பும் கிடையாது. அப்படியிருக்க, யாரோ செய்த பாவத்துக்கு என் வயிற்றுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வதுதான் தெய்வ நீதியா? அநியாயம் செய்கிறவர்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

பதில்: சகோதரி, ஆறுதல் சொல்ல உங்களைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். நான் அந்த வேலைக்கு வரவில்லை. சாபம் முறிப்பதைப் பற்றி இந்தப் பக்கத்துக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் அந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை இன்று இரவு உட்கார்ந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்கள், அப்பன்மார் திராட்சக்காயைத் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது என்று பழமொழி பேசிக்கொண்டு கிடந்தார்கள். இனி அந்தப் பழமொழி உங்கள் வாயில் வரக்கூடாது என்று கர்த்தர் சொல்கிறார். பாவம் செய்தவனே அதற்குப் பொறுப்பு. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே திருப்பிக் கேட்டார். 'மூன்றாம் நான்காம் தலைமுறை' என்று ஊழியக்காரர் யாத்திராகமத்தைத் திறப்பார். அந்த வசனத்திலேயே 'என்னைப் பகைக்கிறவர்களை' என்று இருக்கிறது, அடுத்த வசனத்திலேயே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் இருக்கிறது, அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். வேதத்தில் நாத்தான் வந்தாலும் எலியா வந்தாலும், நீ செய்தது இன்னது என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். எந்தப் பாவம் என்று சொல்லத் தெரியாமல் 21 நாள் கணக்கு மட்டும் சொல்கிறவரை நான் தீர்க்கதரிசி வரிசையில் வைக்கமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வந்து சாபம் என்று பேசியவருக்கு வாசலில் செருப்பு விடவே இடம் கொடுத்திருக்கக்கூடாது.

உங்கள் பிள்ளைகள் போனது யாருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல. இதை ஒரு தடவைதான் சொல்வேன்.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். 1987 என்று ஏன் எழுதினீர்கள்?

கேட்காமலே எழுதினீர்கள். நல்ல காரியங்களின் பட்டியலில், வாழைக்குலைக்கு அடுத்தபடியாக எழுதினீர்கள். கடிதத்தின் பின்பக்கத்தில் மற்றதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். தாத்தா 1979-ல் உயில் எழுதாமல் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் உங்கள் அப்பாவும் அத்தையும் மட்டும். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். ரப்பர் நின்ற நிலம் ஒரு ஏக்கர் பத்து சென்ட். அப்பா அதை உங்களுக்கும் அண்ணனுக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டார். உங்கள் பாதியில் வீடு கட்டிக் குடியிருக்கிறீர்கள்.

1979-ல் தாத்தா இறந்தார். எட்டு வருஷம் உங்கள் அப்பா யாரிடமும் எந்தக் கையெழுத்தும் கேட்கவில்லை. உங்கள் மாவட்டத்தில் அப்போது அதற்குத் தேவையும் இருந்ததாக யாரும் நினைக்கவில்லை. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் 1916-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஊறிப்போன மண் அது. மகனுக்குக் கிடைப்பதில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கல்யாணத்தில் ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. 1956-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பங்கு பிரிக்கிறபோது பழைய கணக்கைத்தான் ஆண்மக்கள் கையில் எடுத்தார்கள். பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில், அதே சபை, அதே பாட்டுப் புத்தகம், கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சட்டத்தில் சரிபங்கு. எல்லையைத் தாண்டினால் கால்பங்கு!

1986 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மேரி ராய் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கோட்டயத்துக்காரரான அந்த அம்மாள், அப்பா சொத்தில் சகோதரனுக்குச் சமமான பங்கு கேட்டுப் போராடியவர். 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர் சட்டம் செல்லாது, 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகனும் மகளும் சமம் என்று தீர்ப்பாயிற்று. அன்றைக்குப் பல வீடுகளில் ஆண்களுக்குத் தூக்கம் போயிற்று. உங்கள் அத்தைக்கு 1979-லிருந்தே அரை ஏக்கருக்கு மேல் சொந்தம் என்று ஆகிவிட்டது. மறுவருஷமே அவர் 'விட்டு எழுதிக் கொடுத்தார்'. தற்செயல் என்று நீங்கள் நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அளவு விசுவாசம் இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அத்தையை அழைத்துப் போனது யார்? பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார்களா? தீர்ப்பு வந்திருக்கிறது, சரிபாதி உன்னுடையது என்று யாராவது வாயைத் திறந்தார்களா? கையில் எவ்வளவு கொடுத்தார்கள்? உங்கள் அப்பாவுக்குப் பேச்சு இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேளுங்கள். படுத்திருக்கும் மனுஷனைக் கேள்வி கேட்டு நோகடிப்பதா என்பீர்கள். படுத்திருக்கும்போது கேட்காமல் வேறு எப்போது கேட்பது? பெற்றவர்களுக்குப் பிள்ளை செய்யும் கடமைகளில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறவள் நான். மருந்து கொடுப்பது, துடைத்துவிடுவது, அப்புறம் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போக உதவுவது.

அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியது நான்கு வரி. விதவை. 'அண்டி ஆபீஸ்' என்று உங்கள் ஊரில் சொல்லும் முந்திரி ஆலையில் பல வருஷம் கொட்டை உடைத்தவர். இப்போது மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரண்டு பஸ் மாறி, ஒரு டப்பாவில் முந்திரிக்கொத்தோடு வருவார். முன்னறையில் உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார், நேரே அடுக்களைக்குப் போய்விடுவார். 'அவ்வளவு எளிமையானவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, பிறந்த வீட்டு நிலத்தில் கட்டிய வீட்டின் முன்னறையில் விருந்தாளி போல உட்காரப் பிடிக்காமல் ஒருத்தி அடுக்களைக்குப் போகிறாள். உங்களுக்கு அது எளிமையாகத் தெரிகிறது!

மனக்கசப்பு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவரைக் கேட்டீர்களா? வேதம் உங்களிடம் கேட்கும் கேள்வி வேறு. பலிபீடத்தில் காணிக்கை வைக்கிறபோது உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. உனக்கு அவன்மேல் வருத்தம் இருக்கிறதா என்று அங்கே கேட்கவில்லை. உங்களுக்கு அத்தைமேல் வருத்தம் இல்லாதது பெரிய காரியமா என்ன? நிலம் உங்களிடம்தானே இருக்கிறது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் இன்னும் கறாரானது. பிறனை ஏமாற்றி எடுத்ததை முழுசாகக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உடையவன் கையில் சேர்த்த பிறகுதான் ஆட்டைக் கொண்டு ஆசாரியனிடம் போக வேண்டும். முதல் குலை கோயிலுக்குப் போவதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

உபவாசம் என்றதும் எனக்கு நாபோத்தின் கதைதான் ஞாபகம் வந்தது. இஸ்ரவேலின் ராஜா ஆகாபுக்கு அரண்மனைக்குப் பக்கத்துத் திராட்சத்தோட்டம் வேண்டும். என் பிதாக்களின் சுதந்தரத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, கொடுக்கமாட்டேன் என்கிறான் தோட்டக்காரன் நாபோத். ராஜாவின் மனைவி யேசபேல் வாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. ராஜாவின் முத்திரை போட்டுக் கடிதம் எழுதுகிறாள், இரண்டு சாட்சிகளை ஏற்பாடு செய்கிறாள், ஊருக்கு உபவாசம் கூறச் சொல்கிறாள். முத்திரை, சாட்சி, உபவாசம், எல்லாம் முறைப்படி! நாபோத் கல்லடிபட்டுச் செத்தான், தோட்டம் கை மாறியது. எலியா வந்து நேரே சொன்ன பிறகு ஆகாப் உடையைக் கிழித்துக்கொண்டு இரட்டில், அதாவது சாக்குத்துணியில், படுத்து உபவாசமிருக்கிறான். கர்த்தர் அதையும் பார்க்கிறார், அவன் நாட்களில் தீங்கை வரப்பண்ணமாட்டேன் என்று எலியாவிடம் சொல்கிறார், அவன் குமாரனுடைய நாட்களில் என்கிறார். இங்கேதான் நம்முடைய ஊழியக்காரர்கள் நிறுத்திவிடுவார்கள்: பார்த்தீர்களா, தலைமுறை சாபம்!

கொஞ்சம் மேலே வாசிக்க வேண்டும். ஆகாப் தன்னைத் தாழ்த்திக்கொண்டான். தோட்டத்தை யாருக்காவது திருப்பிக் கொடுத்தான் என்று ஒரு வரி கிடையாது. அவன் மகன் யோராம் அப்பன் செய்துவைத்த பாகால் சிலையை எடுத்துப் போட்டான் என்று 2 இராஜாக்கள் 3 சொல்கிறது. சீர்திருத்தக்காரன்தான் ஒரு வகையில். ஆனால் 9-ஆம் அதிகாரத்தில் படைத்தலைவன் யெகூ அவனை எதிர்ப்படும் இடம் நாபோத்தின் நிலம். அவன் பிணத்தை எறிந்ததும் அதே நிலத்தில். சிலை போயிற்று, நிலம் அரண்மனையிலேயே இருந்தது. அப்பன் எடுத்ததை மகன் வைத்திருந்தான், அது மகனுடைய கணக்கு.

உங்கள் கதையும் இங்கேதான் வந்து நிற்கிறது. 1987-ல் நீங்கள் குழந்தை, உங்கள்மேல் குற்றமில்லை. அப்பா உங்கள் பெயருக்கு எழுதிய நாளில் நீங்கள் குழந்தை இல்லை. ரப்பர் பாலுக்கு விலை கிடைத்தபோது வாங்கிச் செலவு செய்தீர்கள், அஸ்திவாரம் தோண்டும்போது போதகரை அழைத்து ஜெபித்தீர்கள், டிசம்பரில் அத்தைக்கு 800 ரூபாய்ச் சேலை எடுத்துக் கொடுத்து அதையும் தர்மக் கணக்கில் எழுதினீர்கள். 'யாரோ செய்த பாவம்' என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிகிறது? தலைமுறை தலைமுறையாக இறங்கும் சாபம் எதுவும் உங்கள் ரத்தத்தில் இல்லை. பட்டாவில் இருக்கிறது.

கடவுள் நீதியுள்ளவரா, அநியாயக்காரர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் குடும்பத்தில் அதைக் கேட்க உரிமையுள்ளவர் ஒருவர்தான், அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 'அநியாயக்காரர்கள்' யார் என்று யோசித்தீர்களா? செலோப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள் மோசேயின் முன்னால் வந்து, எங்கள் அப்பாவின் காணியாட்சியில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்றபோது, இவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னார். தெய்வ நீதி என்று நான் நம்புவது அதை. இடி விழுவதையும் கரு கலைவதையும் அல்ல.

எல்லாம் சிலுவையில் தீர்ந்தது, பழையதைக் கிளறாதே என்று யாராவது வருவார்கள், அநேகமாக உங்கள் அண்ணனே வருவான். வரி வாங்கிப் பணக்காரனான சகேயு மரத்தில் ஏறியதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பாடுகிறார்கள், கீழே இறங்கி வந்து என்ன சொன்னான் என்பதில் சத்தம் குறைந்துவிடும். அநியாயமாய் வாங்கியதுண்டானால் நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அதற்குப் பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. மன்னிப்பு இலவசம்தான். நிலம் அத்தையினுடையது.

சட்டப்படி அந்தப் பத்திரம் இன்றைக்கும் நிற்கலாம், வழக்குப் போடும் காலமும் கடந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வக்கீலிடம் போகாதீர்கள், கொடுப்பதற்கு வழி கேட்டுப் போங்கள். அத்தைக்குச் சேரவேண்டியது 55 சென்ட். அண்ணன் சம்மதித்தால் இரண்டு பேரும் பாதிப் பாதி எழுதுங்கள். அவனுக்கு முதுகு போய்விட்டது, வருமானம் இல்லை, அவனை நெருக்காதீர்கள். அவன் மறுத்தால் உங்கள் பங்கில் வீடு நிற்கும் இடம் போக மீதியை அத்தை பெயருக்கு எழுதுங்கள், முத்திரைத்தாள் செலவு உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பதிவன்று சண்டை வேண்டாம். அத்தை வேண்டாம் என்பார், அந்தத் தலைமுறைப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் 1987-ஐ இன்னொரு தடவை செய்தவராவீர்கள். மகள் பெயருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நிலத்தைக் கொடுத்தால் பிள்ளை தங்குமா என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அந்த ஊழியக்காரர் கேட்ட 21 நாளுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இரண்டு தடவையும் ஏழாம் மாதம் என்பதைக் குறித்துக்கொண்டு, பழைய ஸ்கேன் காகிதங்களோடு நல்ல மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அது தனி வேலை. பத்திர வேலையை இந்த அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் முடியுங்கள்.