வேலூரில் ஜியோகேச்சிங் குழு நடத்த முடியுமா? பத்து வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக நடத்தலாம், பையனையும் கூட்டிப் போகலாம். நானும் சில நண்பர்களும் குடும்பத்தோடு வேலூர், காட்பாடி, மேல்பாடி பக்கம் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். பதிவு பெற்ற சங்கம் இல்லை, சந்தா இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஞாயிறு காலைகளும் போதும். "நம்ம ஊரில் தேடிப் போக என்ன இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். ஜியோகேச்சிங் என்பது ஒளித்து வைத்த டப்பாவைப் போனில் இடம் பார்த்துத் தேடிப் போகிற விளையாட்டு. என்னைப் பொறுத்தவரை அந்த டப்பா ஒரு சாக்கு. ஒரு நல்ல இடத்துக்கு நாலு பேரை வரவழைப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர், அப்படிப்பட்ட இடங்களுக்கு வடாற்காட்டில் பஞ்சமே இல்லை.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மழைநீர் புகாத டப்பா ஒன்றை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் போனில் போட்டுக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்ததும் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே பொம்மை, சாவிக்கொத்து மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பதிலுக்கு அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். தேடுவது எவ்வளவு கஷ்டம், நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனியாக மதிப்பெண் போட்டிருப்பார்கள். இதற்கான இணையதளத்தில் அடிப்படைக் கணக்கு தொடங்கக் காசு கிடையாது.

இது பிறந்த கதையும் சுவையானது. 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதிபர் கிளின்டன் உத்தரவால் அந்தப் பிழையை நீக்கினார்கள். உடனே மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் போட்டு மறைத்து வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். சில நாட்களிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த செப்டம்பரிலேயே இதற்கென்று தனி இணையதளமும் வந்துவிட்டது.

வேலூர்க் கோட்டைப் பக்கம் நின்றால் வடக்கு 12 பாகை 55 நிமிடமும், கிழக்கு 79 பாகை 7 நிமிடமும் சொச்சமும் காட்டும். அந்தச் சொச்சத்தை மூன்று தசம இடம் வரை எழுதுவது வழக்கம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர், ஆகவே மூன்றாவது தசமத்தில் ஒரு எண் மாறினால் இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவான தூரம். வெட்டவெளியில் போனே மூன்று, ஐந்து மீட்டர் தவறும். நம் மலைகளில் பெரிய பெரிய உருண்டைப் பாறைகளுக்கு நடுவே நின்றால் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து, புள்ளி அங்கும் இங்கும் குதிக்கும். அதனால் டப்பா வைப்பவர் வேறு வேறு நாட்களில் அளவெடுத்துச் சராசரி போட வேண்டும். தேடுபவர் பக்கத்தில் போனதும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். அடுக்கின கல் ஏன் அப்படி அடுக்கியிருக்கிறது, அந்த வேலியில் மட்டும் ஏன் புதுக் கம்பி என்று பார்க்கிற கண் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

சரி, இடங்களுக்கு வருகிறேன். எங்கள் குழுவில் எனக்கு மிகப் பிடித்த தடம் இலங்கையின் கண்டி நாட்டுக் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பின்தொடர்வது. 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கைதியாகக் கொண்டுவந்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். கோட்டைக்குள் இன்றும் கண்டி மஹால் என்ற கட்டடம் நிற்கிறது. அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது. கோட்டைக்கு தினமும் வாக்கிங் போகிறவர்களில் எத்தனையோ பேர் முத்து மண்டபத்தைப் பார்த்ததில்லை. எங்கள் தடத்தில் கோட்டையில் நின்று, அவர் வந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கிடைக்கிற விடையை, அடுத்த இடத்தின் எண்களில் விட்டிருக்கும் வெற்றிடத்தில் போட்டால் அடுத்த புள்ளி முத்து மண்டபத்துக்கு இழுத்துப் போகும். ஒரு மனிதர் பதினாறு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்ததைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தச் சமாதி வெறும் கட்டடமாகத் தெரியாது.

இந்தத் தடத்தில் எங்கேயும் டப்பா கிடையாது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது, சுவர் இடுக்கில் எதையும் செருகக் கூடாது. கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து அனுப்புகிற முறைதான் அங்கே சரி. மக்கான் பக்கம் இருக்கும் 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கும் இதே முறையில் ஒரு தடம் போடலாம்.

டப்பா வைக்க எனக்குப் பிடித்த இடம் மேல்பாடி. பொன்னை ஆற்றுக்குப் பக்கத்தில், தன் பாட்டன் அரிஞ்சய சோழனுக்காக ராஜராஜன் கட்டிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவாக எழுப்பிய கோயில், அங்கே இருக்கிறது. தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்து வந்தவர்கள்கூட, அதே ராஜராஜன் நம் மாவட்டத்திலும் கட்டியிருக்கிறான் என்று கேட்டு ஆச்சரியப்படுகிறார்கள். டப்பா கோயிலில் இல்லை. தள்ளி ஒரு தெரிந்தவர் நிலத்தில், அவரிடம் கேட்டுத்தான் வைத்தோம். வருகிறவர்களுக்கு அவரே மோட்டார் தண்ணீர் காட்டி, கோயிலில் எந்தப் பக்கம் கல்வெட்டு என்று சொல்லி அனுப்புகிறார்.

ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம், 2019-இல் பிரிந்தது. இருந்தாலும் நமக்குப் பக்கம்தான். அந்த மலை சையனைட் (syenite) என்கிற பாறையால் ஆனது. பார்க்க கிரானைட் மாதிரி இருக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி மினுங்குகிற குவார்ட்ஸ் என்ற கனிமம் மிகக் குறைவு. எர்த்கேச் என்று ஒரு வகை உண்டு, டப்பாவே இல்லாமல் நிலவியல் பாடம் மட்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், வெட்டுப்பாறை முன்னால் நின்று அந்த மினுங்குகிற குவார்ட்ஸ் துகள் இருக்கிறதா என்று பார்த்துப் பதில் எழுத வேண்டும். சயின்ஸ் டீச்சர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் இதை அவர் கையில் கொடுங்கள்.

இனி அனுமதி. இதில் நான் கறாராக இருப்பேன். நம் கிராமங்களில் புதையல் ஆசையில் பழைய கோயிலையும் நடுகல்லையும் தோண்டிப் பாழாக்குகிறவர்கள் உண்டு. கையில் போனோடு புதருக்குள் சுற்றுகிற வெளியூர்க்காரரைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் சந்தேகப்படுவது நியாயம். 1878-இல் போட்ட புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கிற பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக்கூடக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் முதலில் போய் ஊர்ப் பெரியவரிடம் பேசுங்கள், என்ன விளையாட்டு என்று டப்பாவைத் திறந்தே காட்டுங்கள். இந்த விளையாட்டின் விதியே, நிலத்துக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பதுதான். இரண்டு டப்பாக்களுக்கு நடுவே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். தளத்தில் வெளியிடும் முன் ஒரு தன்னார்வலர் சரிபார்ப்பார். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பக்கம் வைக்கவே வேண்டாம், கேட்பாரற்றுக் கிடக்கிற டப்பா அங்கே பீதியைக் கிளப்பும். எங்கும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக வாங்கி, மேலே தமிழில் "இது ஒரு விளையாட்டு டப்பா" என்று எழுதி, வைத்தவரின் போன் நம்பரும் ஒட்டுங்கள். அமிர்தி பக்கக் காடு மாதிரி வனத்துறை இடமென்றால் அவர்கள் சரி என்று சொல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டாம்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் வேலூர்க்காரர். ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் யாரையும் வெளியே கூப்பிடுவதில்லை. சாதாரண பிளாஸ்டிக் டப்பா ஒரே கோடையில் நொறுங்கிவிடும், நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற தடித்த டப்பா வாங்குங்கள். மலைக்கோயில் பக்கம் குரங்கு இருக்கும், டப்பாவுக்குள் தின்பண்டம் எதுவும் கூடாது. நமக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலும் மழை, ஐப்பசியிலும் மழை, பேனா மை கரைந்துவிடும். பென்சில் வையுங்கள்.

பையனைப் பற்றி. கல்லிடுக்கில் கை விடும் முன் குச்சியால் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள், தேளும் பாம்பும் இருக்கிற ஊர் இது. ஷூ கட்டாயம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடலாம். முதல் தடவை கண்டி அரசர் தடத்துக்கே கூட்டிப் போங்கள், நடப்பது சுலபம். போனை அவனிடமே கொடுத்து வழி காட்டச் சொல்லுங்கள், கழித்தல் கணக்கையும் அவனே போடட்டும். அது பிடித்துவிட்டால் மேல்பாடிக்கு எங்களோடு வாருங்கள், ஆற்றில் தண்ணீர் இல்லாத ஞாயிறாகப் பார்த்துச் சொல்கிறேன்.