அனுபவம் இல்லைன்னு ஏன் சொன்ன தங்கச்சி?

கேள்வி: அக்கா, எனக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். பி.காம் முடிச்சுட்டு வீட்ல இருக்கேன். கும்பகோணத்துல ஒரு பேங்க் பிராஞ்ச்ல கஸ்டமர் சர்வீஸ் வேலைக்கு இன்டர்வியூ போனேன். மனப்பாடம் பண்ணிட்டுப் போன இங்கிலீஷ் பாதியில மறந்துடுச்சு. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேட்டாங்க, இல்ல சார், ஃப்ரெஷர்னு சொன்னேன். ஒரு பேங்க்லேர்ந்து இன்னொரு பேங்குக்குப் பணம் அனுப்பற நெஃப்ட்டுக்கும் ஆர்.டி.ஜி.எஸ்.க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டப்ப ஏதோ உளறிட்டேன். கல்யாணம் ஆனா வேலைய விட்டுடுவியான்னாங்க, சிரிச்சு வச்சேன். பேச்சு 7 சதவீதம்தான், மிச்சம் 93ம் குரலும் பாடி லாங்குவேஜும்னு கோச்சிங்ல சொல்லிக்குடுத்ததால கடைசி வரைக்கும் நிமிர்ந்து உக்காந்து சிரிச்ச முகமாவே இருந்தேன். வேலை கிடைக்கல. நான் சும்மா இல்ல அக்கா, எங்க தெருவுல எல்லாருக்கும் அரசு கொள்முதல் நிலையத்துல நெல் போடறதுக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணித் தர்றது நான்தான். போன தை மாசம் ஒரு பெரியப்பா நெல்லு போட்டு பணம் வரலைன்னு வாசல்ல வந்து சத்தம் போட்டாரு, பார்த்தா அவரு பேங்க் வேற பேங்கோட இணைஞ்சு ஐ.எஃப்.எஸ்.சி.ங்கற பிராஞ்ச் கோடு மாறியிருக்கு, பழைய பாஸ்புக்கையே குடுத்திருக்காரு, அதையும் சரி பண்ணிக் குடுத்தேன். அடுத்த மாசம் தஞ்சாவூர்ல இன்னொரு இன்டர்வியூ. எப்படிப் பேசறது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தங்கச்சி, உன் லெட்டர்ல எனக்கு ரொம்ப வருத்தமா இருந்த இடம் அந்த "இல்ல சார், ஃப்ரெஷர்" தான். இங்கிலீஷ் மறந்ததெல்லாம் யாருக்கும் நடக்கும், அதுக்கு அப்பறம் வர்றேன். அறுவடை வந்தா தெருவே உன் வீட்டு வாசல்ல நிக்குது, சிட்டா அடங்கல் ஆதார் பாஸ்புக்னு ஒவ்வொருத்தர் மஞ்சப்பையிலேர்ந்தும் எடுத்துப் பார்த்து, எது இல்லையோ அதுக்கு வி.ஏ.ஓ.கிட்ட அனுப்பி, ஓ.டி.பி. வர்ற போன் திருப்பூர்ல இருக்கற பையன்கிட்ட இருக்குன்னா அவனைக் கூப்பிட்டு நம்பர் கேட்டு, பதிவ முடிச்சு, கொள்முதல் நிலையத்துக்கு என்னைக்கு மூட்டைய கொண்டு போகணும்னு புரிய வச்சு அனுப்பற. பேங்க்ல கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க நாள் பூரா பண்றதும் இதேதான்மா. காசு வாங்காம பண்ணிட்டேங்கறதுக்காக அது அனுபவம் இல்லைன்னு ஆயிடாது. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேட்டா அவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான், இந்தப் பொண்ணை கவுன்ட்டர்ல உக்கார வச்சா சமாளிக்குமா. அதுக்கு உன்கிட்ட ரொம்ப நல்ல பதில் இருந்துச்சு, அதை வீட்லயே வச்சுட்டுப் போயிட்ட.

அந்தப் பெரியப்பா விஷயத்தையே எடுத்துக்கோ. இதை இன்டர்வியூல எப்படிச் சொல்லணும்னா, என்ன நிலைமை, என்ன சிக்கல், நீ என்ன பண்ண, கடைசியில என்ன ஆச்சு, இந்த வரிசையில சொல்லணும். "சார், கம்பெனில வேலை பார்த்ததில்ல, ஆனா எங்க ஊர்ல விவசாயிகளுக்கு நெல் கொள்முதலுக்கு ஆன்லைன் பதிவு நான் பண்ணித் தர்றேன். போன சம்பா அறுவடையில ஒருத்தர் பணம் வரலைன்னு கோவமா வந்தாரு. அவரை உக்கார வச்சு முழுசா பேச விட்டேன். அப்பறம் பதிவையும் பாஸ்புக்கையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், பேங்க் இணைஞ்சதால ஐ.எஃப்.எஸ்.சி மாறியிருந்துச்சு. அவரைக் கூட்டிட்டுப் போய் புது பாஸ்புக் வாங்கி, கொள்முதல் நிலையத்துல குடுத்து மாத்தினேன். பணம் வந்துடுச்சு. அதுக்கப்பறம் யாரு வந்தாலும் மொதல்ல பாஸ்புக் புதுசான்னு பார்த்துட்டுதான் பதிவு பண்றேன்." அவ்ளோதான், ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் எழுதினதுல உனக்கு நடக்காதது ஏதாவது இருந்தா அதை எடுத்துட்டு நடந்ததைப் போட்டுக்கோ, ஏன்னா அவங்க நடுவுல நிறுத்தி "அவரு என்ன சொன்னாரு, நீ என்ன சொன்ன"ன்னு தோண்டுவாங்க, உண்மையா நடந்ததா இருந்தா எத்தனை கேள்வி வந்தாலும் வாய் தடுமாறாது. கடைசி வரிய மட்டும் விட்டுடாத, ஒரு தப்பைப் பார்த்து அடுத்த வேலைய மாத்திக்கிட்டங்கறது அதுலதான் இருக்கு, எதிர்ல உக்காந்திருக்கறவரு அப்பதான் பேனாவை எடுப்பாரு.

இன்னொண்ணு, நம்ம பக்கத்துப் பொண்ணுங்ககிட்ட நான் நிறைய பார்க்கறது, தான் பண்ண வேலையையும் "பண்ணோம், போனோம்"னே சொல்றது. மரியாதைக்குச் சொல்றீங்கன்னு எனக்குப் புரியுது, அவங்களுக்குப் புரியாது, யாரு பண்ணான்னு தேடுவாங்க. நீ பண்ணதுக்கு நான்னு சொல்லு, அப்பா கூட வந்திருந்தா அதையும் சொல்லு. எத்தனை பேருக்குப் பதிவு பண்ணன்னு நோட்டு இருந்தா எண்ணி வச்சுக்கோ, அந்த எண்ணிக்கையச் சொல்லு, கூட்டிச் சொல்லாத.

இப்ப "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்". இதுக்கு ஊரு, அப்பா பேரு, அம்மா ஹவுஸ் ஒய்ஃப், ஹாபி பாட்டு கேக்கறதுன்னு ஒப்பிக்கறதுதான் கோச்சிங்ல குடுக்கற பேப்பர். அதெல்லாம் பயோடேட்டாவுல இருக்கு, அவங்க கையில அது இருக்கு. நீ சொல்ல வேண்டியது இப்ப நான் என்ன படிச்சிருக்கேன், என்ன பண்ணிட்டு இருக்கேன், இந்த வேலை ஏன் எனக்கு ஒத்து வரும், இந்த மூணுதான். வரி வரியா மனப்பாடம் பண்ணாத. மனப்பாடம் பண்ணா ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் மொத்தமும் போயிடும், உனக்கு நடந்தது அதுதான். சொல்ல வேண்டிய விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் வேற வேற வார்த்தையில சொல்லிப் பாரு, போன்ல ரெக்கார்ட் போட்டுக் கேளு. கேட்டா உனக்கே தெரியும் எங்க வேகமா ஓடற, எங்க "ஆக்சுவலி ஆக்சுவலி"ன்னு வருதுன்னு. வெக்கமா இருக்கும், இருந்தாலும் கேளு.

இங்கிலீஷைப் பத்தி. கும்பகோணம் தஞ்சாவூர் பிராஞ்சுக்கு வர்ற கஸ்டமர்ல பெரும்பாலானவங்க பேசப்போறது தமிழ், இது உள்ள இருக்கற மேனேஜருக்கு உன்னைவிட நல்லாத் தெரியும். ஆனா மெயில், சிஸ்டம், ஹெட் ஆபீஸ் எல்லாம் இங்கிலீஷ், அதனால அவங்க பார்க்கறது இந்தப் பொண்ணு சமாளிச்சுக்குமாங்கறதைத்தான், லண்டன் உச்சரிப்பு யாருக்கும் வேணாம். சின்னச் சின்ன வாக்கியமா பேசு. "ஐ ஹெல்ப் ஃபார்மர்ஸ் வித் ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன். ஐ செக் தேர் டாக்குமென்ட்ஸ்." இது போதும், இதுல ஒரு தப்பும் இல்ல. நடுவுல வார்த்தை வரலைன்னா முழிச்சுட்டு நிக்காம, "சார், இந்த ஒரு விஷயத்தை மட்டும் தமிழ்ல சொல்லிக்கவா"ன்னு கேளு. தலைகுனிஞ்சு கேக்காத, சாதாரணமா கேளு. ஒத்துக்கிட்டா சொல்லு, இங்கிலீஷ்லயே சொல்லுன்னா மெதுவா தப்பும் சரியுமா சொல்லு, ஆனா முழுசா சொல்லி முடி. பாதியில நிறுத்தறதைவிட தப்பா முடிக்கறது எவ்வளவோ மேல்.

அந்த 93 சதவீதக் கதைய மொதல்ல தலையிலேர்ந்து இறக்கு. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ஆல்பர்ட் மெஹ்ராபியன்னு அமெரிக்காவுல ஒரு உளவியல் பேராசிரியர், 1967ல ரெண்டு ஆராய்ச்சி வெளியிட்டாரு. ஒத்தை ஒத்தை வார்த்தைய வேற வேற தொனியில சொல்லிக் கேக்க வச்சு, இன்னொண்ணுல முகத்தோட போட்டோவையும் காட்டி, சொல்றவங்களுக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு கேட்டவங்களைக் கணிக்கச் சொன்னாரு. வார்த்தை ஒண்ணு சொல்லி முகம் வேற ஒண்ணு சொன்னா மனுஷங்க முகத்தை நம்பறாங்க, அதுலேர்ந்து வந்த கணக்குதான் வார்த்தைக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. பிடிக்குது பிடிக்கலைங்கற மாதிரி உணர்ச்சியப் பேசறப்பதான் இது பொருந்தும், எல்லாப் பேச்சுக்கும் இழுக்காதீங்கன்னு அவரே சொல்லியிருக்காரு. அந்தக் கணக்கு எல்லாத்துக்கும்னா நெஃப்ட் என்னன்னு கேட்டதுக்கு நீ சிரிச்சதே பதிலாயிருக்கணுமே. காசு வாங்கிட்டு பிள்ளைங்களுக்கு இப்படிச் சொல்லித் தர்றாங்கன்னா எனக்கு ஆத்திரமா வருது. கேக்கறவரு முகத்தைப் பார்த்துப் பேசு, அவரு முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாத, உடம்பு விஷயத்துல இவ்வளவு போதும்.

சரி, அந்த நெஃப்ட். ஆர்.டி.ஜி.எஸ். பெரிய தொகைக்கு, குறைஞ்சது 2 லட்சம் இருக்கணும், ஒவ்வொரு பணமும் அப்பப்ப தனித்தனியா போகும். நெஃப்ட்டுக்கு அப்படிக் கீழ் வரம்பு இல்ல, அரை மணிக்கு ஒரு பேட்சா போகும். நெஃப்ட் 2019 டிசம்பர்லேர்ந்தும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர்லேர்ந்தும் லீவு நாள் உட்பட 24 மணி நேரமும் ஓடுது. போற இடத்து வேலைக்கு இந்த மாதிரி அடிப்படை விஷயங்களை ஒரு ராத்திரி உக்காந்து பார்த்துட்டுப் போகலாம், அதுக்கு சாக்கு கிடையாது. அப்படியும் தெரியாத ஒண்ணைக் கேட்டா "எனக்கு இது சரியாத் தெரியல சார், தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்"னு தெரிஞ்சதைச் சொல்லி நிறுத்திக்கோ. உளறினா, நாளைக்கு கஸ்டமர்கிட்டயும் இப்படித்தான் உளறுவாங்கற பயம் அவங்களுக்கு வந்துடும், அது காசு புழங்கற இடம்மா.

தஞ்சாவூர் பிராஞ்சுக்குப் போறப்ப உன் கையில இருக்கற பெரிய சொத்தைச் சொல்றேன். எங்க கஸ்டமர் பத்தி என்ன தெரியும்னு கேட்டா, இல்ல கேக்காட்டியும் இடம் கிடைக்கறப்ப, டெல்டாவுல காசு எப்ப வரும் எப்ப போகும்னு சொல்லு. மேட்டூர் அணை ஜூன் 12ல தொறந்தா குறுவை, அது அறுப்புக்கு வர்றது செப்டம்பர் அக்டோபர், சம்பா தை மாசிக்கு. நடவு நேரத்துல உழவு, விதை, உரம், ஆள் கூலின்னு கை காயும், நகை அடமானத்துக்குப் போகும், நெல்லுப் பணம் கணக்குல ஏறினப்பறம்தான் மீட்க வருவாங்க. நெல்லு 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல இருந்து எடுக்கலைன்னா, இல்ல மழையில மூட்டை தேங்கிடுச்சுன்னா, அந்த மாசம் கடன் கட்ட வர வேண்டியவங்க வரமாட்டாங்க. இதெல்லாம் உங்க வீட்டுத் திண்ணையில தினம் பேசற பேச்சு, உனக்கு இது பெருசாவே தெரியாது. வெளியூர்லேர்ந்து மாத்தலாகி வந்த மேனேஜருக்கு இது தங்கம். இதை நீ ரெண்டு மூணு வாக்கியத்துல தெளிவா சொன்னன்னா அதுக்கப்பறம் உன் இங்கிலீஷை யாரும் அவ்வளவு கவனிக்க மாட்டாங்க.

கல்யாணக் கேள்வி. கேக்கவே கூடாத கேள்வி, பையன்கிட்ட கேக்கறாங்களா? ஆனா கேக்கத்தான் செய்யறாங்க, அங்க சண்டை போட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல. சிரிச்சு வச்சா ஆமான்னு எடுத்துப்பாங்க. "வேலை பார்க்கணுங்கறது என் முடிவு சார், வீட்லயும் பேசிட்டேன்"னு ஒரே வரியில சொல்லி அவரைப் பார்த்துட்டு நிறுத்திடு, மாப்பிள்ளை எந்த ஊரோங்கற விளக்கத்துக்கெல்லாம் போகாத. வீட்ல நிஜமாவே பேசிட்டுப் போ, அப்பதான் குரல்ல அது வரும்.

கடைசியில ஏதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க, நத்திங் சார்னு எந்திரிச்சுடாத. மொத மூணு மாசம் என்ன வேலை இருக்கும், யாரு சொல்லிக்குடுப்பாங்கன்னு கேளு. சம்பளப் பேச்சு வந்தா பி.எஃப், இ.எஸ்.ஐ. பிடிச்சது போக கையில எவ்வளவு வரும்னு தயங்காம கேளு, சி.டி.சி.ன்னு, அதாவது உனக்காக கம்பெனிக்கு ஆகற மொத்தச் செலவுன்னு அவங்க சொல்ற தொகையும் கைக்கு வர்ற தொகையும் ஒண்ணு இல்ல. வேலைக்கு முன்னாடியே டெபாசிட்டுன்னோ ட்ரெயினிங் ஃபீஸ்னோ பணம் கேட்டா, எவ்வளவு பெரிய பேரைச் சொன்னாலும் சரி, அப்படியே எந்திரிச்சு வந்துடு. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் காட்டு, அவங்ககிட்டயே விட்டுட்டு வராத. ரிசல்ட் எப்ப சொல்வாங்கன்னு கேட்டு வச்சுக்கோ, அந்தத் தேதி தாண்டி ரெண்டு நாள் ஆகியும் தகவல் இல்லைன்னா ஒரு போன் போட்டு, பேரு, இன்டர்வியூ வந்த தேதி ரெண்டையும் சொல்லி விசாரி, அதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.