பழைய கெப்பில் துரு: வீட்டு முற்றத்தில் எதுவரை செய்யலாம்?

கந்தப்பளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அப்பா வாங்கிய ஹைலக்ஸ் சிங்கிள் கெப் எங்களிடம் இருக்கிறது. 1990களில் வந்த வண்டி. கரட், லீக்ஸ் ஏற்றுவது அதில்தான், உரமும் கோழி எருவும் கொண்டுவருவதும் அதில்தான். பின்தட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் நிற்கிறது. கராஜில் கேட்கும் கூலி எங்களுக்குக் கட்டாது. மாமாவிடம் ஒரு வெல்டிங் பிளான்ட் இருக்கிறது. வீட்டிலேயே செய்து முடிக்கலாமா?”

செய்யலாம் தம்பி, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. பின்தட்டு, கதவின் அடிவிளிம்பு, காலடித் தகடு, இவை பொறுமையிருந்தால் உங்கள் கைக்கு அடங்கும். வண்டி முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டமான சேசியும், பிரேக் குழாயும் அப்படியல்ல. அதனால் பெயின்ட் வாங்கக் கடைக்குப் போகுமுன் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்.

அடியில் போவது என்றதும் எனக்கு முதலில் வரும் பயம் துருவைப் பற்றியது அல்ல, சரிவைப் பற்றியது. நம் பக்கம் சமதரையான முற்றம் கிடைப்பதே அரிது. சரிவில் ஜக் போடாதீர்கள். கேட்டுக்கொண்டு கொழுந்து மடுவத்துக்கு முன்னாலோ, கோவில் வாசலிலோ, சீமெந்து போட்ட தரையில் வண்டியை நிறுத்துங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜக்கால் தூக்கியபின் சேசியை இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் உடம்பை உள்ளே விட வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை வைப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை, ஒரே நொடியில் தூளாகிவிடும். ஸ்டாண்ட் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இதில் மட்டும் சமாளிப்பு வேண்டாம்.

அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலோடு போங்கள். சேசியின் முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே பின்னால் வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று மணிபோல் சொல்லும். உள்ளே அரித்துப்போன இரும்பு ‘தொப்’ என்று சொல்லும், அல்லது உள்ளே மணல் கொட்டுவதுபோல் சரசரக்கும். சேசி பெட்டிபோல் மூடிய இரும்பு. சேறு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு ஈரத்தை விடாமல் வைத்திருப்பதால், வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும்போதே உள்ளிருந்து தின்று வரும். பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் தாங்கிகள், டீசல் தாங்கிக்கு மேல்பக்கம், கெபின் உட்காரும் இடங்கள், பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வால்பகுதி, இந்த நாலு இடத்திலும் நின்று நிதானமாகத் தட்டுங்கள். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வீட்டு வேலை அல்ல. சேசி தெரிந்த வெல்டிங் பாஸ் ஒருவரிடம் அந்த ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். கூலி மிச்சம் பிடிக்க வேறு இடம் நிறைய இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கெப் என்னிடம் வந்தது. வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அடியெல்லாம் புதுத் தார் பூசி, பளபளவென்று இருந்தது. ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில் தட்டினேன், சுத்தியல் உள்ளே போய்விட்டது. தாரைச் சுரண்டினால் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி, பட்டிக்குள்ளே கசக்கித் திணித்த பத்திரிகைத் தாள். அந்தத் தாளை நம்பித்தான் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு இறம்பொடை வளைவுகளில் ஏறி இறங்கியிருக்கிறது. இன்றைக்கும் கறுப்புத் தார் பூசிய சேசியைப் பார்த்தால் சுத்தியல் இல்லாமல் நம்ப மாட்டேன். உங்கள் வண்டியிலும் தார் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். ஒன்று, சேசியில் வெட்டியிருக்கும் இலக்கத்தில் மட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். அந்த இலக்கம் அழிந்தால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீங்கள் படும்பாடு துருவைவிடப் பெரிதாகிவிடும்.

பிரேக் குழாயையும் அதே தடவையில் பாருங்கள். பின் சக்கரத்துக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் தோல் உரிந்ததுபோல் துரு இருந்தால், முழுக் குழாயையும் மாற்றுங்கள். அரித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போட விடாதீர்கள். பிரேக் ஒயிலையும் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். மரக்கறிச் சுமையோடு கம்பளைப் பக்கம் இறங்கும்போது பிரேக் எவ்வளவு சூடாகும் என்று உங்களுக்கே தெரியும். ஒயில் கொதித்தால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

சரி, சேசி தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி உங்கள் வேலை.

காலடித் தகட்டை அடைக்குமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, ஒருவர் டோர்ச்சோடு உள்ளே குனிந்து பார்க்க, இன்னொருவர் வெளியே செம்பால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக. பெரும்பாலும் முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் இருக்கும், இல்லையென்றால் வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடியும் பள்ளத்தில் யூக்கலிப்டஸ் இலையும் மண்ணும் அடைத்திருக்கும். அந்தக் குப்பையை ஒரு கம்பியால் எடுத்துவிட்டாலே பாதி நோய் தீர்ந்தது. இதைச் செய்யாமல் புதுத் தகடு வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் அதுவும் போய்விடும்.

துரு நீக்கும்போது மலைநாட்டுக்காரர் மறக்கக் கூடாத ஒன்று பனிமூட்டம். நுவரெலியாப் பக்கம் மத்தியானத்துக்குமேல் மூட்டம் இறங்கினால், வெள்ளையாக்கிய இரும்பு மறுநாள் காலையில் செம்மஞ்சளாக நிற்கும். ஆகவே அன்றைக்கு மூடக்கூடிய அளவுக்கு மட்டும் திறவுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கதவின் அடிவிளிம்பு போதும். காலையில் வயர் பிரஷும் கிரைண்டரும், பத்து மணிக்கு மேல் துடைப்பு, ஒரு மணிக்குள் பிரைமர். அடிக்கலாமா என்று சந்தேகம் வந்தால் ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். பத்து நிமிடத்துக்குள் கோடு மறைந்தால் அடிக்கலாம். மறையாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கந்தப்பளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் ஆண்டின் நடுப்பகுதி வெயிலைப் பிடிக்கலாம்.

சுரண்ட முடியாத குழிகளில் ஒட்டிய துருவுக்கு, துருவை மாற்றும் மருந்து கடைகளில் கிடைக்கிறது. பல வகைகளில் டெனின் இருக்கும், தேயிலைச் சாயத்தில் இருக்கும் துவர்ப்புப் பொருள். அது துருவோடு சேர்ந்து கறுத்து இறுகும். இரும்பு பட்ட சாயத்தண்ணீர் கறுத்துப்போவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அதற்காகத் தேயிலையை அவித்துப் பூசாதீர்கள், அந்தச் சாயம் வண்டிக்குக் காணாது. மருந்தும் உதிரும் துருவின்மேல் பிடிக்காது. உதிர்வதெல்லாம் போனபின்தான் பூச வேண்டும்.

ஓட்டைகளுக்கு வருவோம். ஐந்து ரூபாய்க் குற்றி அளவு தெரியும் ஓட்டை, சுத்தம் செய்ததும் உள்ளங்கை அளவாகும். பயப்படாமல் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள். கார்ட்போர்ட்டில் அச்சு வெட்டி, அதை வைத்துத் தகடு வெட்டுங்கள். மாமாவின் வெல்டிங் பிளான்ட் சாதாரணக் குச்சி வைத்து ஒட்டுவதென்றால், மில்லிமீற்றருக்கும் குறைவான மெல்லிய தகட்டில் அது ஒட்டாது, புதிதாக ஓட்டைதான் போடும். பின்தட்டுக்கு ரிவெட் அடித்து, ஓரத்தில் சீலன்ட் இழுத்தாலே போதும். காலடியில் சீட் பெல்ட்டோ கெபினோ பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரிவெட் சரிவராது, அங்கே கம்பிச்சுருள் போடும் மிக் வெல்டிங்தான் வேண்டும். மிச்சமான கூரைத் தகரத்தை எடுத்து ஒட்டாதீர்கள். அதன் நாகப்பூச்சு எரியும் புகையைச் சுவாசித்தால் இரவே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் எங்கே செய்தாலும் பெட்டரி வயரைக் கழற்றுங்கள், சீட்டையும் விரிப்பையும் வெளியே எடுங்கள், தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும். டீசல் தாங்கிக்குப் பக்கத்தில் நெருப்பே வேண்டாம்.

பின்தட்டு ஏன் இவ்வளவு வேகமாகப் போனது என்றும் சொல்ல வேண்டும். மழையைவிட உரமும் எருவும்தான் காரணம். உரத்தில் உள்ள உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரும்பை அரிக்கும் வேலையைப் பலமடங்கு வேகமாக்கும். மூட்டை இறக்கிய அன்றே பீலித் தண்ணீரால் மூலைகளையும் பின்கதவின் கீல்களையும் கழுவிவிடுங்கள். கழுவும் தண்ணீர் பீலிக்கோ ஓடைக்கோ திரும்பிப் போகாத இடமாகப் பாருங்கள். ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் அடிக்கடி தூக்கிக் காயவையுங்கள். பழைய இன்ஜின் ஒயிலை அடியில் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மழைக்கு வழிந்து யாரோ குடிக்கும் தண்ணீரில் சேரும். சேசியின் உள்ளேயும் கதவுக்குள்ளேயும் நீளக் குழாயால் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். முடித்ததும் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளை ஒரு குச்சியால் திறந்துவிடுங்கள், மெழுகு அடைத்திருக்கும்.

இத்தனை பாடு படலாமா என்று அப்பா கேட்டால் படலாம் என்றே சொல்லுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல்தான் திறந்தது. திறந்தபின்னும் ஒரு புதுக் கெப்பின் விலை தோட்டக்காரர் கைக்கு எட்டுவதாக இல்லை. இந்தப் பழைய ஹைலக்ஸுக்கோ கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் சாமான் கிடைக்கிறது.

குளிரில் பெயின்ட் மெதுவாகத்தான் இறுகும். விரல் ஒட்டவில்லை என்பதற்காக உடனே சுமை ஏற்றிவிடாதீர்கள், ஒரு வாரம் வெயிலில் நிற்கட்டும். அப்புறம் முதல் சுமையாக உரம் வேண்டாம், கரட் ஏற்றுங்கள்.