பின்பக்கமாக மேடேறிய ஆம்புலன்ஸ்

கேள்வி: 1958-இல் வெளிவந்த 'ஐஸ் கோல்டு இன் அலெக்ஸ்' படத்தை அண்மையில்தான் பார்த்தேன். போர்ப் படம் என்கிறார்கள். சண்டையே அதிகம் இல்லையே?

பதில்: உண்மைதான். 1942-இல் லிபியாவின் டோப்ருக் நகரம் ஜெர்மானியரிடம் விழும் தறுவாயில், ஓர் ஆம்புலன்ஸில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு (தலைப்பில் உள்ள 'அலெக்ஸ்' இதுதான்) தப்பிச் செல்ல முயலும் சிலரின் கதை அது. ஜே. லீ தாம்ப்சன் இயக்கிய இப்படத்தின் நிஜமான போர், மணல் மேட்டில் அந்த வண்டியை ஏற்றும் காட்சியில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். எஞ்சினின் பலம் போதாதபோது, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டு, எஞ்சினைக் கிளப்ப உதவும் முன்பக்க ஹேண்டிலைக் கையால் சுற்றிச் சுற்றியே வண்டியைப் பின்பக்கமாக அங்குலம் அங்குலமாக ஏற்றுகிறார்கள். பிளக் இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் காற்று அடைபடாது. ஹேண்டில் இலகுவாகச் சுழலும். (பழைய லாரி ஓட்டுநர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) உச்சியை நெருங்கும் வேளையில் வண்டி உருண்டு அடிவாரத்துக்கே போய்விட, மறுபடியும் முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எந்தப் பீரங்கி முழக்கமும் அந்த நிமிடத்துக்கு ஈடாகாது.

கேள்வி: கடலோரச் சாலை இருக்க, அவர்கள் எகிப்துப் பாலைவனத்தின் கத்தாரா பள்ளத்தில் ஏன் இறங்க வேண்டும்?

பதில்: சாலைப் பக்கம் போனால் ஜெர்மானியரிடம் சிக்க நேரும். கத்தாராவோ கடல்மட்டத்துக்குக் கீழே, மிகத் தாழ்ந்த இடத்தில் 130 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் நிலம். மேலே உப்புப் பொருக்கு, அடியில் சேறு. பெரும்படை அதைக் கடக்க முடியாது என்பதால்தான், அதற்கும் கடலுக்கும் நடுவே உள்ள எல் அலமைனில் பிரிட்டிஷார் அரண் அமைத்தார்கள். ஜெர்மானியத் தளபதி ரோமலால் தெற்கே சுற்றிவர இயலவில்லை. தென்னாப்பிரிக்கர் என்று சொல்லிக்கொண்டு உடன்வரும் பாத்திரத்தில் நடித்த ஆண்டனி குவேல், அந்தச் சேற்றில்தான் புதையத் தொடங்குகிறார். அவர் ஜெர்மானிய ஒற்றராக இருக்கலாம் என்று மற்றவர்களுக்குச் சந்தேகம் விழுந்த பிறகும், கைவிடாமல் இழுத்து வெளியே எடுக்கிறார்கள்.

கேள்வி: கடைசிக் காட்சியில் கதாநாயகன் ஜான் மில்ஸ் குடிப்பது நிஜ பீர்தானா?

பதில்: நிஜம்தான். பல டேக்குகள் எடுத்ததில் அவருக்குப் போதையும் ஏறிவிட்டது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கு முந்தைய கணத்தை: குளிரில் வியர்த்து நிற்கும் கண்ணாடிக் குவளையின் மேல் அவர் விரலை மெல்ல ஓட்டிப் பார்க்கிறாரே, அதை.