புறநோயாளிப் பிரிவின் அமைப்பு: வாசகர் கேள்விகளும் கட்டடக் கலைஞர் பதில்களும்

கேள்வி: மருத்துவர்கள் மூவர் சேர்ந்து புறநோயாளிகளுக்கென ஒரு சிறு மருத்துவமனை கட்டுகிறோம். இடம் குறைவு. காத்திருப்புக் கூடத்தைப் பெரிதாக்குவதா, ஆலோசனை அறைகளைப் பெரிதாக்குவதா? (மருத்துவர் ஒருவர்)

பதில்: அறைகளைத்தான் பெரிதாக்கச் சொல்வேன். கூடத்தை விரித்துக்கொண்டே போவது, நோயாளிகள் நெடுநேரம் காத்துக் கிடக்கத்தான் போகிறார்கள் என்று கட்டும்போதே ஒப்புக்கொள்வதாகும். அதைவிட, எத்தனையாவது எண் உள்ளே இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்பதை எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி வையுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் என்று மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985இலேயே எழுதினார். கழிப்பறைக்குப் போனால் தம் எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அஞ்சி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்களை எந்தக் கூடத்திலும் காணலாம். அழைப்பொலி கழிப்பறை வரைக்கும் கேட்க வேண்டும்.

கூடத்தில் நான் விட்டுக்கொடுக்காதது காற்றோட்டம் ஒன்றைத்தான். இயற்கைக் காற்றை நம்பியிருக்கும் புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்கு நொடிக்குச் சராசரியாக 60 லிட்டர் காற்று தேவை என உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஒரே பக்கச் சுவரில் மட்டும் சன்னல் வைத்துவிட்டு இதை எட்டுவது கடினம். எதிர்ச்சுவரிலும் காற்று வெளியேற வழி வேண்டும்.

அறைக்குள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பரிசோதனைக் கட்டிலின் இடம். மருத்துவர்கள் வழக்கமாக நோயாளியின் வலப்புறம் நின்றே பரிசோதிப்பதால், படுத்திருப்பவரின் வலக்கைப் பக்கம் திறந்திருக்கும்படி தலைமாட்டைத் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தில் இதைக் கவனிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டால், மருத்துவர் ஆண்டுக்கணக்கில் உடலை முறுக்கிக்கொண்டே வேலை செய்வார். அடுத்தது கதவு. திறக்கும்போது கதவுப் பலகையே கட்டிலை மறைக்கும் விதமாகக் கீல் அமைய வேண்டும். மறுபக்கம் அமைந்தால், யாராவது பாதி திறந்தாலும், சட்டையைக் கழற்றிப் படுத்திருப்பவர் நடையில் போகிறவர்களின் கண்ணில் படுவார். தச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், செலவே இல்லை. சக்கர நாற்காலி திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தையும், கணினித் திரையை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பார்க்கும்படியான மேசையையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் இடத்தைக் கூடத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் தெளிவாகக் கேட்கிறது. கனமான திரைச்சீலை தொங்கவிட்டால் சரியாகுமா? (நிர்வாகி ஒருவர்)

பதில்: ஆகாது. ஃபால்ஸ் சீலிங்கின் பலகை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். தடுப்புச் சுவர் அந்தச் சீலிங்கோடு நின்றுவிட்டிருந்தால், பேச்சு அதன் மேலே உள்ள வெற்றிடத்தின் வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போகிறது. சுவரை மேல்தளம் வரை உயர்த்தி இடுக்குகளை அடைப்பதே தீர்வு. கதவின் கீழுள்ள இடைவெளியையும் அடைக்க வேண்டும். வரவேற்பு மேசையையும் மறந்துவிடாதீர்கள். என்ன தொந்தரவு என்று அங்கே உரக்கக் கேட்டுவிட்டால், உள்ளே எவ்வளவு நல்ல சுவர் இருந்தும் பயனில்லை. முதல் வரிசை இருக்கைகளைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: நோயாளிகளின் வசதியையே எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்கு உட்காரக்கூட இடமில்லை. (செவிலியர் ஒருவர்)

பதில்: உங்கள் குறை நியாயமானது. சன்னல்களையெல்லாம் கூடத்துக்கும் ஆலோசனை அறைகளுக்கும் கொடுத்துவிட்டு, ஊழியர் அறையைக் கிடங்குக்குப் பக்கத்தில் இருட்டில் தள்ளுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த அறுவை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினர், வலுவான வலிமருந்தும் குறைவாகவே கேட்டனர் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வைக் கட்டடக் கலைஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அது படுக்கை நோயாளிகளைப் பற்றியது. புறநோயாளியோ சிறிது நேரத்தில் கிளம்பிவிடுகிறார். நாள் முழுவதும் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர் நீங்கள்தான் என்பதால், சன்னல் ஒன்றே ஒன்றுதான் மிச்சமென்றால் அதை ஊழியர் அறைக்கே கொடுப்பேன். நடையைக் குறைப்பதும் முக்கியம்: ஊசி, பஞ்சு, கையுறை போன்ற அன்றாடப் பொருள்கள் ஒவ்வொரு அறையிலும் ஒரே வரிசையில், ஒரே இழுப்பறையில் இருந்தால் தேடுவதும் கிடங்குக்கு ஓடுவதும் வெகுவாகக் குறையும்.

கேள்வி: இருக்கைகளுக்கு எந்த நிறம் நல்லது? (வாசகி ஒருவர்)

பதில்: துடைத்தால் சுத்தமாகிற எந்த நிறமும் நல்லதே. நிறத்தைவிடக் கைப்பிடியைக் கவனியுங்கள். மூட்டுவலிக்காரர் அதை ஊன்றித்தான் எழுந்திருக்கிறார். உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கான இடத்தைக் கோடியில் ஒதுக்காமல் இருக்கைகளுக்கு நடுவில் விடுங்கள். துணைக்கு வந்தவர் பக்கத்திலேயே உட்கார முடியும்.